குரல் நிற்கிற இடம்

கையைத் தட்டினேன். டப்புனு ஒரு சத்தம் போய் எதிர்ச்சுவர்ல முட்டி, டிர்ர்னு நடுங்கிக்கிட்டே திரும்பி வருது. இன்னொரு தடவை தட்டினேன். மத்தியானம் கறிச்சோறு தின்னுட்டு உள்ரூம்ல கண்ணசந்திருந்த எங்க வீட்டு மனுஷன், "யாரைக் கூப்பிடுற பிலோ?"ன்னு சத்தம் போட்டாரு. யாரையும் கூப்பிடலை, ரூமைச் சோதிக்கிறேன்னு சொன்னா, ரூமுக்கு என்ன காய்ச்சலான்னு கேப்பாருன்னு நெனைச்சேன். சொன்னேன். அப்படியே கேட்டுப்புட்டாரு. தரையெல்லாம் டைல்ஸ், சுவரெல்லாம் வழுவழுன்னு பெயிண்ட், ஜன்னல் பூரா கண்ணாடி. இந்த ஹால்ல ஒருத்தர் பாடினா ரெண்டு பேர் பாடுற மாதிரி கேக்கும். முதல்ல ரூமை அடக்கணும், அப்புறம்தான் ஸ்பீக்கர், ஸ்பீக்கர் வித்த கடைக்காரத் தம்பி போன்ல அதைத்தான் அழுத்தி அழுத்திச் சொன்னான். பரண்லேர்ந்து ஜமுக்காளத்தை இறக்கி விரிச்சேன். கிறிஸ்துமஸுக்கு மட்டும் மாட்டுற கனத்த திரையை எடுத்து ஜன்னல்ல மாட்டினேன். திரும்பவும் தட்டினேன். டப். அவ்வளவுதான், போனது போனதுதான். வலது காதுக்கு அப்படி. இடது காதுக்கு எப்படின்னு… அதை இப்ப நெனைக்காதே. நெனைக்காதேன்னா நெனைக்காம இருக்குதா இந்தப் பாழாப்போன மனசு. நாளைக்குக் காலையில காது டாக்டர்கிட்ட போகணும். சின்ன ரூமுக்குள்ள உக்கார வெச்சுக் கதவைச் சாத்தி, காதுல மாட்டி, கீ கீன்னு சத்தம் விட்டு, கேக்குறப்பல்லாம் பட்டனை அமுக்கும்மாம்பாங்க. நான் அமுக்குவேன், வெளியில ஒரு பொண்ணு மூஞ்சியில ஒண்ணும் காட்டிக்காம உக்காந்திருக்கும். என் காதோட சேதி எனக்கு முன்னாடி அந்தப் பொண்ணுக்குத் தெரியுறதாவது! முதல்ல எனக்குத்தான் தெரியணும். அதுக்குத்தான் இன்னிக்கு இந்தக் கூத்து.

இந்த ஸ்பீக்கர் பெட்டிங்க வந்து இறங்கினப்ப காதுக்கு ஒரு குறையும் இல்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்த காலம் பூரா ஒத்தக் காதுல மாட்டுற ஹெட்செட்ல ஊர்க்காரங்க குரலைக் கேட்டாச்சு. சாவுச் சேதி சொல்றவங்க, பொண்ணு பொறந்ததுக்கு இழுத்து இழுத்துப் பேசுறவங்க, லைன் கிடைக்கலைன்னு என்னை வையுறவங்க. அத்தனையும் டப்பாக்குள்ள அடைச்ச குரல். ரிட்டயர் ஆனா ஒரு நல்ல செட்டு வாங்கி, மனுஷக் குரலை மனுஷக் குரலா உக்காந்து கேக்கணும்னு எத்தனை வருஷத்து ஆசை. வாங்கியும் போட்டேன். பிரிக்கிறதுக்குள்ள அந்தச் சனிக்கிழமை வந்துருச்சு. கோயில்ல பாட்டு ஒத்திகை. எனக்கு இடப்பக்கம் பொண்ணுங்க வரிசை, வலப்பக்கம் ஆம்பளைங்க. கையை வீசிக்கிட்டே இருக்கேன், இடப்பக்கத்துலேர்ந்து சத்தமே வரலை. "ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா? பாடுங்கடி!"ன்னு ஒரு அதட்டல் போட்டேன். பொண்ணுங்க ஒருத்தி மூஞ்சியை ஒருத்தி பாத்துக்கிச்சுங்க. எல்லாம் தொண்டை நரம்பு புடைக்கப் பாடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு. எனக்குத்தான் இடது பக்கத்துல உலகமே இல்லை. கதவைச் சாத்தின மாதிரி. உள்ள ஒரு கொய்ங்ங்னு இரைச்சல் மட்டும். "நரம்பு அசந்துபோச்சும்மா, காரணம் சொல்ல முடியாது. மாத்திரை தர்றேன். சில பேருக்கு முழுசாத் திரும்பும், சில பேருக்குப் பாதி. சில பேருக்கு…"ன்னு சொல்லிட்டு டாக்டர் மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சுட்டாரு. அந்த மூணாவது சில பேரை நான் அன்னிக்கிலேர்ந்து மென்னுக்கிட்டு இருக்கேன். ஃபாதர்கிட்ட தொண்டை கட்டியிருக்குன்னு சொல்லி வெச்சிருக்கேன். பொய்தான். உயிர்த்தெழுதல் திருநாள் வருது. ஒரு காதோட பாட்டுக்குழுவை நடத்த முடியாது. யார் சுருதி விடுறான்னு எந்தப் பக்கம் திரும்பிப் பாப்பேன்? காது வரலைன்னா குழுவை வேற ஆள்கிட்ட ஒப்படைச்சுட்டுப் பெஞ்சுல போய் உக்காரணும். அதைவிட என்னைக் கொன்னு போட்டுரலாம்.

ஆனா இந்த வாரத்துல என்னமோ நடக்குது. வலது காதைப் பொத்திக்கிட்டுக் குழாயைத் திறந்தேன், தண்ணி விழுற சத்தம் எங்கயோ தூரத்துல கேட்டுச்சு. நெசமாக் கேட்டுச்சா, தண்ணியைக் கண்ணால பாத்ததால கேட்டதா நெனைச்சேனா? கண்ணை மூடிக்கிட்டுத் திறந்து பாத்தேன். கேட்டுச்சு. அடுத்த நாள் கேக்கலை. அப்புறம் கேட்டுச்சு. இப்படி ஊசலாடியே செத்துருவேன் போல. அப்பத்தான் கடைக்காரத் தம்பி சொன்னது ஞாபகம் வந்துச்சு. அம்மா, ரெண்டு ஸ்பீக்கர், உங்க தலை, மூணும் சமமான முக்கோணமா இருக்கணும். அப்படி உக்காந்தீங்கன்னா பாடுறவங்க இந்தப் பெட்டியிலேர்ந்தும் பாட மாட்டாங்க, அந்தப் பெட்டியிலேர்ந்தும் பாட மாட்டாங்க, ஒண்ணுமே இல்லாத நடுவுல வந்து நிப்பாங்க. அது ஸ்பீக்கர் செய்யுற வேலை இல்லை, ரெண்டு காதும் சேர்ந்து செய்யுற வேலைன்னான். அன்னிக்கு உம் கொட்டிட்டு விட்டுட்டேன். இன்னிக்குப் பூசையில, சாமியார் பிரசங்கம் ஒரு பக்கம் போயிக்கிட்டிருக்க, அது மட்டும்தான் மண்டைக்குள்ள சுத்துச்சு. ரெண்டு காதும் சேர்ந்தாத்தான் நடுவுல ஆள் நிக்கும். நடுவுல ஆள் நின்னா எனக்குக் காது இருக்கு.

பெட்டி ரெண்டும் சுவரோரம் கிடந்தது கிடந்தபடி. இத்தனை நாளா அது மேல இவரு பேப்பர் படிச்சாரு, துணி மடிச்சாரு, ஒருநாள் வெங்காயம்கூட உரிச்சாரு. பிரிச்சு வெளியில எடுத்ததும் தூக்கம் கலைஞ்சு வந்து, பஸ் ஓட்டின காலத்து அதே குரல்ல, "அந்த மூலையில ஒண்ணு, இந்த மூலையில ஒண்ணு வெச்சுட்டா நடக்க இடைஞ்சல் இல்லாம இருக்கும்ல?"ன்னாரு. மூலையில வெச்சா அடிச்சத்தம் குமுகுமுன்னு பெருத்துக்கும், எல்லாம் மத்தளமாத்தான் கேக்கும், பின்சுவரை விட்டு ஒரு முழமாவது முன்னாடி தள்ளணும், பக்கச்சுவரை விட்டும் தள்ளணும்னேன். "அப்ப ஷோகேஸ் மேல ஏத்திரு." ஷோகேஸ் கண்ணாடி கிடுகிடுங்கும், அதுவும் சேர்ந்து பாடும். "அப்ப ஹாலையே அதுக்கு எழுதிக் குடுத்துரு"ன்னு சொல்லிக்கிட்டே, சொன்ன மனுஷன்தான் சமையல்கட்டுலேர்ந்து மர முக்காலி ரெண்டையும் தூக்கிட்டு வந்தாரு. அது மேல வெச்சா ஸ்பீக்கரோட மேல்பக்கம் இருக்குற சின்ன வட்டம் நான் உக்காந்தா சரியாக் காது மட்டத்துக்கு வருது. அளக்க டேப்பு கிடைக்கலை. கொடிக்கயிறு ஒண்ணை எடுத்து, இந்த ஸ்பீக்கருக்கும் அந்த ஸ்பீக்கருக்கும் நடுவுல பிடிச்சு முடிச்சுப் போட்டேன். அதே கயித்தை இதுலேர்ந்து என் நாற்காலிக்கு, அதுலேர்ந்து என் நாற்காலிக்கு. மூணும் ஒரே நீளம். ரெண்டு ஸ்பீக்கர் முகத்தையும் கொஞ்சம் உள்பக்கமாத் திருப்பி என்னைப் பாக்க வெச்சேன். அப்புறம் மெஷின்லேர்ந்து ஸ்பீக்கருக்கு வர்ற வயரு. ரெண்டு இழை ஒட்டியிருக்கும், பாக்க ரெண்டும் ஒண்ணுபோலத்தான், ஒரு இழை ஓரத்துல மட்டும் மெல்லிசா ஒரு வரி ஓடும். வரி இருக்குறதை ஸ்பீக்கர் பின்னாடி இருக்குற சிவப்பு முனையில மாட்டணும், இல்லாததைக் கறுப்புல. வலதை மாட்டி முடிச்சேன். இடது ஸ்பீக்கருக்குப் பின்னாடி குனிஞ்சிருக்கேன், இவரு மாதா சுரூபத்தைத் தூக்கிட்டு வந்து, அடியில லேஸ் துணி விரிச்சு, ஸ்பீக்கர் தலையில வெச்சாரு. "என்னங்க பண்றீங்க?" "சும்மா மொட்டையா இருக்கே." "பாட்டுப் போட்டா அதிருமுங்க, மாதா விழுந்துருவாங்க." "மாதா விழ மாட்டாங்க, நீ விசுவாசம் இல்லாம பேசுற." நான் இங்க உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், இவருக்கு லேஸ் துணி! ஒரு கையில வயரைத் திருகிக்கிட்டே ஒரு கையால சுரூபத்தை எடுத்து அவர் கையில திணிச்சேன். முணுமுணுத்துக்கிட்டே கொண்டுபோய்ப் பழைய இடத்துல வெச்சாரு.

என்ன போடுறது? யோசிக்கவே வேண்டியதில்லை. பங்குக் கோயில் வெள்ளிவிழாவுக்கு எங்க குழு பதிஞ்ச சிடி. அதுல தனிக்குரல் நான். பதிஞ்ச பையன் என்னை நடுவுல நிறுத்தி, பொண்ணுங்களை இடப்பக்கம், ஆம்பளைங்களை வலப்பக்கம் நிறுத்தித்தான் பதிஞ்சான். யார் எங்க நின்னாங்கன்னு எனக்கு அத்துபடி. நாற்காலியில உக்காந்து, மாதாவேன்னு கண்ணை மூடி, ரிமோட்டை அமுக்கினேன். முதல்ல கீபோர்டு. அப்புறம் நான். அப்புறம்… நான் எங்க? குரல் வருது, வராம இல்லை. ஆனா நடுவுல இல்லை. வலது பக்கமும் இல்லை. ஹால் பூரா கரைச்சு ஊத்தின மாதிரி எங்க பாத்தாலும் இருக்கு, எங்க தேடினாலும் இல்லை. பின்மண்டைக்குள்ள ஒருதரம், ஜன்னல் பக்கம் ஒருதரம். ஆம்பளைங்க கனத்த குரல் எல்லாம் ஒல்லியாகி, அடியே இல்லாத பாத்திரம் மாதிரி. தலையை இப்படிச் சாய்ச்சேன், அப்படிச் சாய்ச்சேன். கயித்தைப் பிடிச்சுத் திரும்ப அளந்தேன். சரியாத்தான் இருக்கு. நாற்காலியும் சரி, முக்காலியும் சரி, ரூமும் சரி. அப்ப எது சரியில்லை? மிச்சம் இருக்குறது ஒண்ணே ஒண்ணுதான். எழுந்து பாட்டை நிறுத்தக்கூட கை வரலை.

சமையல்கட்டுல வந்து நிக்கிறேன். எதுக்கு வந்தேன், தண்ணி குடிக்க. டம்ளர் கையில இருக்கு, குடிக்கலை. அப்ப குழாய்ச் சத்தம் கேட்டதெல்லாம் பொய்யா? நானே எனக்குச் சொல்லிக்கிட்ட ஆறுதலா? நாளைக்கு அந்தப் பொண்ணு மூஞ்சியில ஒண்ணும் காட்டாம எழுதும், டாக்டர் கண்ணாடியைத் துடைப்பாரு. நான் போய் ஃபாதர்கிட்ட சொல்லணும். என்னன்னு சொல்றது? ஃபாதர், தொண்டை இல்லை, காது. அவரு கடவுள் சித்தம்பாரு. குழுவை யாருக்குக் குடுப்பாங்க, அந்த ஆரோக்கியசாமிக்குத்தான். அவனுக்குக் கை வீசத் தெரியும், ஒருத்தர் கால் சுருதி குறைச்சுப் பாடினா கண்டுபிடிக்கத் தெரியாது. எல்லாரும் ஆகா ஓகோம்பாங்க. நான் பெஞ்சுல உக்காந்து வலது காதால கேட்டுக்கிட்டு… சீச்சீ, இன்னும் பாட்டு ஓடிக்கிட்டுல்ல இருக்கு. ஹால்ல நான் பாடிக்கிட்டு இருக்கேன், கேக்க ஆள் இல்லாம. இவரு என்ன பண்றாரு? வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில உக்காந்து பேப்பரை மடிக்கிறாரு. இவரைக் கூப்பிட்டு என் இடத்துல உக்கார வெச்சுக் கேட்டா என்ன? அம்மாடி, வேண்டாம். "நல்லாத்தானே கேக்குது, நடுவுலதானே பாடுற"ன்னு இவரு சொல்லிட்டா? அதோட முடிஞ்சுது. அந்த ஒரு வார்த்தையோட என் கதை முடிஞ்சுது. கேக்காம விட்டா நாளைக் காலை வரைக்குமாவது ஒரு சந்தேகம் மிஞ்சும். சந்தேகம் இருக்குற வரைக்கும் நம்பிக்கையும் இருக்கும். சந்தேகத்தை வெச்சுக்கிட்டு ராத்திரி தூங்குவியா பிலோமினா? தூங்க மாட்டே. அதுக்கும் மேல, முதல்ல எனக்குத்தான் தெரியணும்னு காலையிலேர்ந்து குதிச்சவ நீதானே? இப்ப தெரியப்போற நேரத்துல சமையல்கட்டுல ஒளிஞ்சுக்கிட்டா எப்படி? கேளு. கேட்டுத் தொலை. டம்ளர் தண்ணியை ஒரே மடக்கா குடிச்சேன். "என்னங்க, இங்க கொஞ்சம் வாங்களேன்." என் குரலே எனக்கு வேற யாரோ மாதிரி கேட்டுச்சு.

"எதுக்கு?" "அந்த நாற்காலியில உக்காருங்க." "உனக்குன்னு போட்ட நாற்காலிதானே?" "உக்காருங்கன்னா உக்காருங்களேன்!" உக்காந்தாரு. கையைத் தொடை மேல வெச்சு, டிக்கெட் பரிசோதகர் ஏறின மாதிரி விறைச்சுக்கிட்டு. பாட்டை முதல்லேர்ந்து போட்டேன். போட்டுட்டு அவர் மூஞ்சியைப் பாக்காம சுவரைப் பாத்துக்கிட்டு நின்னேன். "நான் எங்கேர்ந்து பாடுறேன்? கையை நீட்டிக் காட்டுங்க." திரும்பினேன். இவரு கழுத்தைத் திருப்பித் தனக்குப் பின்னாடி பாக்குறாரு, ஜன்னலைப் பாக்குறாரு, அண்ணாந்து மின்விசிறியைப் பாக்குறாரு. "எங்கேர்ந்துன்னு சொல்றது? எங்கேர்ந்துமே இல்லையே. என் முதுகுக்குப் பின்னாடி நின்னு பாடுற மாதிரி இருக்கு. தலைக்குள்ள என்னமோ இழுக்குது, கிறுகிறுங்குது. இதைக் கேக்கத்தான் இத்தனை ஆர்ப்பாட்டமா? நம்ம ரேடியோ தேவலாம் போ." "நெசமாவா?" "பின்ன, பொய்யா சொல்றேன்? இந்தச் செட்டு சரியில்லை பிலோ, திருப்பி அனுப்பிரு." எனக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிப்புன்னு நெனைச்சது பாதியில அழுகையாப் போச்சு. அவரு பதறி எழுந்துட்டாரு. "ஏய், என்ன, சரி, திருப்பி அனுப்ப வேண்டாம், வெச்சுக்க, நான் என்ன சொன்னேன் இப்ப?" இந்த மனுஷனுக்கு ரெண்டு காதும் ஒரு குறையில்லாம கேக்கும். இவருக்கும் எங்கேர்ந்துமே இல்லைன்னா அது என் காதோட குத்தம் இல்லை. செட்டோட குத்தம். செட்டோட குத்தம்னா, என் சாமி, என் ராசா, செட்டைச் சரிபண்ணிரலாம்! அவர் கன்னத்தைப் பிடிச்சுக் கிள்ளிட்டு ஸ்பீக்கருக்குப் பின்னாடி ஓடினேன்.

முதல்ல மெஷினை ஆஃப் பண்ணினேன், கரண்டு ஓடுறப்ப வயர்ல கை வைக்கக் கூடாது. மூக்குக் கண்ணாடியை மாட்டினேன். வலது ஸ்பீக்கர்ல வரி ஓடுற இழை சிவப்புல, சரி. இடது ஸ்பீக்கர்ல வரி ஓடுற இழை… கறுப்புல! மாதாவை அவர் கையில திணிச்ச நேரத்துல திருகினது. மாத்தி மாட்டியிருக்கேன். ஒரு ஸ்பீக்கர் காத்தை முன்னாடி தள்ளுறப்ப இன்னொண்ணு பின்னாடி இழுத்திருக்கு. ஒண்ணு குடுக்குறதை ஒண்ணு பிடுங்கிட்டா நடுவுல எவ நிப்பா? எக்ஸ்சேஞ்ச்ல கண்ணை மூடிக்கிட்டு ஆயிரம் லைன் சேர்த்தவளுக்கு ரெண்டே ரெண்டு இழை மாறிப்போச்சு. "உங்க லேஸ் துணியால வந்த வினை"ன்னேன். "வினையா? மாதா தடுத்து நிறுத்தி உன்னை அழ வெச்சாங்க, அழுதாத்தான் நீ மனசைத் திறப்பே"ன்னாரு. இந்த வாய்க்கு மட்டும் ரிட்டயர்மெண்டே கிடையாது. கழட்டினேன், இழையை மாத்தினேன், இறுக்கினேன், லேசா இழுத்துப் பாத்தேன். வந்து உக்காந்தேன். இனிமே சாக்குச் சொல்ல ஒண்ணும் இல்லை. ரூம் சரி, கயிறு சரி, வயர் சரி. இப்ப கேக்குறது கேக்காதது எல்லாம் நான்தான். ரிமோட்டை அவர்கிட்ட குடுத்து, நீங்க அமுக்குங்கன்னேன்.

கீபோர்டு வந்துச்சு, இப்ப அதுக்குக் கனம் இருக்கு. அப்புறம் நான். கண்ணை மூடலை. எதிர்ல வெறும் சுவர், இவரு கிறிஸ்துமஸுக்குத் தன் கையால பெயிண்ட் அடிச்ச சுவர். அதுக்கு முன்னாடி, அந்த வெறும் இடத்துல, வாய் உயரத்துல, ஒரு பொம்பளை மூச்சு இழுத்துப் பாடுறா. பெட்டியிலேர்ந்து இல்லை. நிக்கிறா. ஐயோ, நிக்கிறா! இடது பக்கம் பொண்ணுங்க இருக்காங்களான்னு பயந்து பயந்து தேடினேன். மங்கலா, பஞ்சு வெச்சுப் பொத்தின மாதிரி, ஆனா இருக்காங்க, அத்தனை பேரும் இருக்காங்க. பாடிக்கிட்டே போற அந்தப் பொம்பளையைத் திரும்பப் பாத்தேன். சரியா நடுவுல இல்லை. நடுவுக்கு ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி நிக்கிறா. அவரு என் பின்னாடி குனிஞ்சு, "என்ன, நடுவுல வந்தியா?"ன்னு ரகசியம் பேசுறதா நெனைச்சுக் கத்தினாரு. "இல்லை. கொஞ்சம் வலது பக்கம் நிக்கிறேன்." அவர் மூஞ்சி விழுந்துருச்சு. அப்பத்தான் தெரிஞ்சுது, இந்த ஆளு லேஸ் துணி, சுரூபம்னு அலைஞ்சதெல்லாம் எதுக்குன்னு. பயம். எனக்கு இருந்த அதே பயம், அவருக்கு வெளியில சொல்ல வழியில்லை. "நாற்காலியை இந்தப் பக்கம் நகத்திரலாமா? இல்லேன்னா மெஷின்ல இடது வலது கூட்டிக் குறைக்கிற அந்தத் திருகு இருக்கே, அதைக் கொஞ்சம் திருப்பினா நடுவுக்கு வந்துரும்ல?" "எதையும் தொடாதீங்க, காது தேறத் தேற அவளே நடுவுக்கு வருவா. ஒரு பென்சில் எடுத்துட்டு வாங்க." கொண்டு வந்தாரு. "சுவர்கிட்ட போங்க. நான் எழுந்தா அவ நகந்துருவா, நான் சொல்ற இடத்துல நீங்க கோடு போடுங்க." "சுவர்லயா? பெயிண்ட்டு!" "போடுங்கங்க." பென்சிலைச் சுவர்ல வெச்சுக்கிட்டு என்னைத் திரும்பிப் பாத்தாரு, முப்பது வருஷம் கண்ணாடியில கண்டக்டரைப் பாத்த அதே பார்வை. கண்டக்டர் மாதிரியே "வரலாம்"னேன். "வரலாம், வரலாம், இன்னும் கொஞ்சம் ரைட்ல ஒடிங்க… ஹோல்டான்!" பிரேக் போட்ட மாதிரி நின்னாரு. அழுத்தி ஒரு கோடு போட்டாரு. "தேதி போடவா?"ன்னு கேட்டாரு. சின்னதாப் போடுங்க, அடுத்தடுத்த கோட்டுக்கு இடப்பக்கம் இடம் வேணும்னேன்.